கத்திரி வெயிலில் காயவைத்த படங்கள்

யானையின் வாலை ஏழாவது முறையாக மாற்றி அனுப்பியபோது ஏப்ரல் பாதி போயிருந்தது. ஒன்றாம் வகுப்புப் பாடநூல் ஒன்றுக்குத் தொண்ணூற்றுச் சொச்சம் படங்கள். டிசம்பரில் ஆரம்பித்த வேலை. "வால் இன்னும் கொஞ்சம் குஷியாக இருக்கலாம்" என்று குறிப்பு வந்திருந்தது. குஷியாக்கினேன். அனுப்பினேன். டேப்லெட்டை மூடி பீரோவில் துணிகளுக்கு அடியில் வைத்தேன்.

அன்று சாயங்காலம் சும்மா ஒரு நோட்டில் பேனாவால் காக்கா வரைந்துகொண்டிருந்தேன். அலகு கோணிக்கொண்டு போனது. உடனே என் இடது கை, என்னைக் கேட்காமலே, காகிதத்தின் மேல் இரண்டு விரலால் தட்டியது. டேப்லெட்டில் அப்படித் தட்டினால் கடைசிக் கோடு மறைந்துவிடும். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா பையன் என்னையும் நோட்டையும் மாறி மாறிப் பார்த்தான். "சித்தி, அது பேப்பர்" என்றான்.

அவனுக்கு ஒன்பது வயது. லீவு முடியும்வரை எங்கள் வீட்டில்தான். எனக்கும் ஜூன் வரை வேறு வேலை கிடையாது. அந்த ஆறேழு வாரம் நாங்கள் இரண்டு பேரும் குரோம்பேட்டை மொட்டை மாடியில் அடித்த கூத்தின் கணக்கு இது. எதையும் விற்பதற்காகச் செய்யவில்லை. பாதி உருப்படவும் இல்லை. ஆனால் யாராவது செய்துபார்க்க நினைத்தால் நான் விழுந்த பள்ளத்தில் விழாமல் இருக்கலாமே என்று அளவுகளோடு எழுதிவைக்கிறேன்.

முதலில் காலண்டர். எங்கள் வீட்டில் தினசரி காலண்டரில் கிழித்த தாள்களை அம்மா தூக்கிப் போடமாட்டாள். பால் கணக்கு எழுத ஒரு கிளிப்பில் மாட்டி வைத்திருப்பாள். பின்பக்கம் வெள்ளை. புரட்டினால் காக்கா பறக்கிற மாதிரி ஒரு புத்தகம் செய்வோம் என்று 48 தாளில் வரைந்தோம். நொடிக்கு 12 படம் என்று வைத்துக்கொண்டால் நான்கு நொடிப் பறத்தல். மூன்று நாள் வேலை, முழுத் தோல்வி. தாள் மெலிசு, கட்டைவிரலிலிருந்து ஒவ்வொன்றாக விடுபடாமல் பத்துப் பத்தாகச் சரிந்தது. முன்பக்கத்துத் தேதியும் ராகுகாலமும் ஊடுருவித் தெரிந்ததில் காக்கா எமகண்டத்துக்குள் பறந்து மறைந்தது. அப்புறம் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகளை 5 சென்டிமீட்டருக்கு 8 என்று வெட்டிச் செய்தோம். அட்டைகளை நேராக அடுக்கிக் கட்டாமல், புரட்டுகிற ஓரம் படிக்கட்டு மாதிரி வரும்படி கொஞ்சம் சாய்த்து அடுக்கி, பின்னால் இறுக்கி நூலால் தைக்க வேண்டும். அந்தச் சாய்வில்தான் விஷயம் இருக்கிறது. விரல் ஒவ்வொரு படியாக விடும். பையன் தானாகவே தோசை திருப்புகிற புத்தகம் ஒன்று செய்தான். என் காக்காவைவிட அது நன்றாக இருந்தது. அதோடு அதை விட்டுவிட்டோம்.

இரண்டாவது, கடுக்காய் மை. இதற்கு ஒரு பழைய ஆசை காரணம். சில வருடங்களுக்கு முன் கும்பகோணம் பக்கம் சிக்கல்நாயக்கன்பேட்டையில் கலம்காரி போடும் ஒரு வீட்டில் அரைநாள் உட்கார்ந்திருக்கிறேன். தேருக்குத் தொங்கவிடும் தொம்பை, தோரணம் எல்லாம் அந்தக் கைகள் காலகாலமாக வரைந்துவருபவை. 2021இல் கருப்பூர் கலம்காரி என்ற பெயரில் புவிசார் குறியீடு கிடைத்ததே, அந்த மரபு. அங்கே பார்த்த ஒன்று கண்ணை விட்டுப் போகவே இல்லை. மூங்கில் குச்சியில் கம்பளி நூல் சுற்றிய கலத்தைத் தொட்டுக் கோடு இழுக்கிறார்கள். இழுக்கும்போது அது கழுநீர் மாதிரி இருக்கிறது. கை அடுத்த கோட்டுக்குப் போய்விட்டுத் திரும்புவதற்குள் முதல் கோடு கறுத்துக் கிடக்கிறது.

மாயம் ஒன்றும் இல்லை. துணியில் கடுக்காயின் துவர்ப்பு ஏறியிருக்கிறது, கலத்தில் இருப்பது இரும்பு ஊறிய நீர். இரண்டும் சேரும் இடத்தில் கறுப்பு. ஐரோப்பாவில் நூற்றாண்டுகளாக ஏடுகள் எழுதிய மையும் இதே இரும்பும் துவர்ப்பும்தான். அங்கே கடுக்காய்க்குப் பதில் கருவாலி (ஓக்) மரத்தில் குளவி முட்டையிட்ட இடத்தில் உருண்டையாகப் புடைக்கும் காய். தோல் பதனிடவும் கடுக்காய்தான் போடுவார்கள். குரோம் உப்பில் பதனிடும் முறை வந்து, அந்தக் குரோம் லெதர் கம்பெனியின் பெயரைத் தாங்கிய ஊரில் உட்கார்ந்து நான் மறுபடி கடுக்காய் வேகவைக்கிறேன் என்று அப்பா ஒரு நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தார்.

கடுக்காய் நாட்டுமருந்துக் கடையில். கொட்டையை எடுத்துவிட்டுத் தோலை மட்டும் இடித்து, 50 கிராமுக்கு அரை லிட்டர் தண்ணீர் விட்டு ராத்திரி ஊறவைத்து, காலையில் பாதியாக வற்றக் காய்ச்சினேன். இரும்புக்குத் துருப்பிடித்த ஆணி, உடைந்த ஹாக்சா பிளேடு இரண்டு கைப்பிடி. 100 கிராம் வெல்லம். ஒரு லிட்டர் தண்ணீர். வெல்லம் புளித்து அமிலமாகி இரும்பைக் கரைக்கும். மூன்று வாரம் ஆகும் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

மண்பானையில் போட்டு வாயைத் துணியால் கட்ட வேண்டும். நான் அகலமான கண்ணாடி பாட்டிலில் போட்டு மூடியை நன்றாக இறுக்கித் திருகி, சமையலறை ஜன்னல் திட்டில் வைத்தேன். புளிக்கிற பொருளுக்கு மூச்சு விட வழி வேண்டும் என்பது இட்லி மாவு தெரிந்த எந்த வீட்டிலும் தெரிந்த விஷயம். எனக்கு ஏன் தோன்றவில்லை என்று இன்றுவரை தெரியவில்லை. நான்காம் நாள் மத்தியானம் மூடி பறந்து கூரையில் அடித்தது. சுவர், ஜன்னல், காயப்போட்டிருந்த வடகம், எல்லாவற்றிலும் துருச்சேறு. அம்மா முதலில் பயந்தாள், அப்புறம் மூக்கைப் பிடித்தாள், அப்புறம்தான் திட்ட ஆரம்பித்தாள். "பாட்டில்ல என்னடி வச்ச, செத்த எலியா?"

மிச்சத்தைப் பானைக்கு மாற்றி மாடிக்கு நாடு கடத்தினோம். அது பதமாக இன்னும் இரண்டு வாரத்துக்கு மேல் ஆகும். கையைக் கட்டிக்கொண்டு உட்கார முடியாதே. அந்தக் காத்திருப்பில்தான் நீலம் வந்தது.

சயனோடைப் என்பது வெயிலால் அச்சடிக்கும் முறை. 1842இல் ஜான் ஹெர்ஷல் என்ற வானியலாளர் கண்டுபிடித்தது. அடுத்த வருடமே அவருடைய நண்பரின் மகள் அன்னா அட்கின்ஸ், கடற்பாசிகளை ஒவ்வொன்றாகத் தாளில் வைத்து வெயிலில் காட்டி ஒரு புத்தகமாகவே வெளியிடத் தொடங்கிவிட்டார். புகைப்பட முறையில் படம் போட்டு வந்த முதல் புத்தகம் அது. கேமரா கிடையாது, லென்ஸ் கிடையாது, பொருளின் நிழல் மட்டும். படம் வரைபவளாக எனக்கு அதில் பிடித்தது, நீலப் பின்னணியில் அந்தப் பாசிகளின் வெள்ளை உரு. எவ்வளவு நுணுக்கமாக வரைந்தாலும் பேனாவில் அந்த மென்மை வராது.

தேவை இரண்டே ரசாயனம். பாரிமுனையில் நயினியப்ப நாயக்கன் தெருப் பக்கம் வெயிலில் அலைந்து வாங்கிவந்தேன். ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராம், 100 மில்லி தண்ணீரில். பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராம், இன்னொரு 100 மில்லியில். தனித்தனிப் பழுப்புப் பாட்டிலில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது வேண்டிய அளவு சமமாகக் கலந்து, குண்டு பல்பு வெளிச்சத்தில் தாளில் பூசி, இருட்டில் உலர்த்த வேண்டும். அவ்வளவுதான்.

பாட்டிலில் ஒட்டியிருந்த பெயரை அம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டாள். "சயனைடா?" மறுபடி ஒரு கலவரம். பெயரில் இருந்தாலும் அது இரும்போடு இறுகப் பிணைந்து கிடக்கிறது, அப்படியே கழன்று வராது. ஆனால் சூடாக்கக் கூடாது, கடுமையான அமிலம் எதிலும் கலக்கக் கூடாது, சமையல் பாத்திரம் எதுவும் கிட்டே வரக் கூடாது. கையுறை, தனித் தூரிகை, தனி டப்பா, பூட்டுகிற அலமாரி. பூசுகிற வேலை என்னுடையது மட்டும், பையனுக்கு வெயில் வேலை மட்டும் என்று ஒப்பந்தம் போட்டபிறகுதான் அம்மா பாட்டிலை வீட்டுக்குள் விட்டாள்.

அப்பா அரசு அலுவலகத்தில் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். கலவையின் பச்சை மஞ்சளைப் பார்த்துவிட்டு, "ப்ளூபிரிண்ட்னு சொல்றோமே, ஆதியில அது இதுதான்" என்றார். அவர் வேலையில் சேர்ந்த காலத்தில் இது போய்விட்டதாம். வெள்ளைத் தாளில் நீலக் கோடு வரும் அம்மோனியா பிரிண்ட்தான் அப்போது. அந்த அறைக்குள் போய்வந்தால் ஒரு மணி நேரம் கண் எரியும் என்றார். நீலத் தாளில் வெள்ளைக் கோடாக இருந்த பழைய வரைபடங்களைக் கட்டுக் கட்டாக மேலே பரணில் பார்த்திருக்கிறாராம்.

முதல் தாள், முருங்கை இணுக்கு. மத்தியானம் பன்னிரண்டு மணி. தாளின் மேல் இணுக்கு, அதன்மேல் பழைய போட்டோ ஃபிரேமிலிருந்து கழற்றிய கண்ணாடி. பையன் கைக்கடிகாரத்தோடு நிழலில் உட்கார்ந்து நிமிடத்தை உரக்கச் சொன்னான். மஞ்சள் பச்சையாக இருந்த தாள் ஒரு நிமிடத்தில் பாசி நிறமானது, மூன்றில் சாம்பல் நீலம், ஐந்தாவதில் பழைய வெண்கலப் பானை மாதிரி ஒரு மினுக்கம். அந்த மினுக்கம் வந்தால் எடுத்துவிடலாம். வாளித் தண்ணீரில் முக்கினோம். மஞ்சள் கரைந்து போக, இலை இலையாக வெள்ளை மேலே வந்தது. முருங்கை இலைக்கு இவ்வளவு சின்னக் காம்பு இருக்கிறது என்பதை நான் அதுவரை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. போன மாதம்தான் பாடநூலில் முருங்கை வரைந்து கொடுத்திருந்தேன். தப்பாக வரைந்திருக்கிறேன்.

கொடியில் கிளிப் போட்டுத் தொங்கவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தபோது நீலம் பாதி இல்லை. வெளுத்துப்போய், சலவைக்குப் போட்ட பள்ளிச் சீருடை மாதிரி இருந்தது. மறுநாள் இன்னும் மோசம்.

இங்கே நான்கு நாள் போனது. வெயில் போதவில்லையோ என்று எட்டு நிமிடம், பத்து நிமிடம் வைத்தேன். ரசாயனம் பழசோ என்று சந்தேகப்பட்டேன், கடைக்காரரை மனசுக்குள் திட்டினேன். கடைசியில் ஒரே தாளை நான்கு பட்டையாக வெட்டி, ஒன்றாகவே வெயில் காட்டி, வெவ்வேறு தண்ணீரில் கழுவினேன். போர் தண்ணீர் ஒன்று, கேன் தண்ணீர் ஒன்று, போர் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தது ஒன்று, மழைக்குப் பிடித்து வைத்திருந்த டிரம் தண்ணீர் ஒன்று. சாயங்காலத்துக்குள் விடை தெரிந்துவிட்டது. போர் தண்ணீரில் கழுவியது மட்டும் வெளுத்திருந்தது. இந்த நீலத்துக்குக் காரத்தன்மை ஆகாது. எங்கள் தெருவுத் தண்ணீரோ, பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகப் படியும் ரகம். லிட்டருக்கு அரை மூடி எலுமிச்சம்பழம், வடிகட்டிப் பிழிந்தால் போதும். முதல் கழுவல் அதில், பிறகு சாதாரணத் தண்ணீரில் சுருக்கமாக ஒரு அலசல். தண்ணீர் லாரி வந்த நாட்களில் எலுமிச்சையும் தேவைப்படவில்லை.

மிச்சக் கோளாறு தாளில் இருந்தது. நான் மலிவாக வாங்கிவைத்திருந்த கட்டில், தாள் மஞ்சளிக்காமல் இருக்க சுண்ணாம்புச் சத்து கலந்திருந்தது. சாதாரண ஓவியத்துக்கு நல்லது, இதற்கு எதிரி. ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்த்தால் நுண்ணிய குமிழ் வந்தது. பருத்தியில் செய்த, சுண்ணாம்பு சேராத, 300 ஜிஎஸ்எம் கனமுள்ள தாளுக்கு மாறினேன். விலை வலித்தது. நீலம் நின்றது.

அதற்கப்புறம் ஒரு வாரம் கையில் கிடைத்ததையெல்லாம் வெயிலில் வைத்தோம். வேப்பிலை நன்றாக வரும். புளிய இலை இன்னும் நன்றாக வரும், ஆனால் கண்ணாடி போடுவதற்குள் மூடிக்கொள்ளும். நுங்கு வைக்கவே கூடாது. ஈரம் தாளில் இறங்கி நடுவில் பழுப்புக் கறை. கொடுக்காப்புளிச் சுருள், பூரான் மாதிரி அழகாக வந்தது. கெட்டியான பொருளாக இருந்தால் நேரம் முக்கியம். சென்னையில் ஏப்ரல் 24ஐ ஒட்டி நிழலில்லா நாள் வரும், உச்சிச் சூரியன் நேர் தலைக்கு மேல். அந்த நாட்களில் நட்டுக்கு நிறுத்திய பம்பரம்கூட ஓரம் பிசிறாமல் விழுந்தது. மே கடைசியில் அதே பம்பரத்துக்கு ஒரு பக்கம் மெல்லிய நீலப் பாவாடை கட்டிவிட்டது போல விளிம்பு. வெளிச்சம் ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் இந்தியன் மையால் வரைந்து, அதைப் பூசிய தாளின் மேல் வைத்தும் அச்செடுத்தேன். மை கெட்டியாக இருந்த கோடு வெள்ளையாகவும், தூரிகை உலர்ந்து இழுபட்ட இடம் மேக நீலமாகவும் வந்தது. டேப்லெட்டில் இந்த உலர்தூரிகை வேண்டுமென்று நான் காசு கொடுத்து வாங்கிய பிரஷ்கள் எத்தனையோ இருக்கின்றன.

பையனுக்குப் பிடித்த கட்டம் கடைசிக் கட்டம். மருந்துக் கடையில் கிடைக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடு ஒரு மூடி, ஒரு லிட்டர் தண்ணீரில். கழுவின தாளை அதில் விட்டால் சோர்ந்த நீலம் கண் இமைப்பதற்குள் கருநீலமாக எழுந்து நிற்கும். விட்டால் இரண்டு நாளில் காற்றுபட்டுத் தானே அந்த நிறத்துக்கு வரும், பெராக்சைடு தேவையே இல்லை. ஆனால் "சித்தி, மூடி ஊத்தவா?" என்று தட்டுக்குப் பக்கத்தில் நிற்பவனிடம் இதைச் சொல்வதா?

மே நடுவில் பானையைத் திறந்தோம். நாற்றம் அடங்கி, புளித்த கள் மாதிரி ஒரு வாடை. வடிகட்டியதில் தேநீர் நிறத் திரவம். கடுக்காய் நீர் பூசி உலர்த்திய தாளில் ஒரு காக்கா வரைந்தேன். வரையும்போது ஒன்றும் தெரியவில்லை. எங்கே வரைந்தேன் என்பதே தெரியாமல் ஈரத்தின் பளபளப்பை வைத்துக் குத்துமதிப்பாகப் போனேன். இறக்கையை முடிப்பதற்குள் அலகு கறுக்க ஆரம்பித்தது. அங்கிருந்து தலை, கழுத்து என்று நான் வரைந்த வரிசையிலேயே பின்னால் துரத்திக்கொண்டு வந்தது. பையன் "ஐயோ ஐயோ" என்று குதித்தான். அலகு இந்தத் தடவையும் கோணல்தான். இடது கை காகிதத்தைத் தட்டவில்லை.

காடாத் துணியிலும் போட்டுப் பார்த்தோம். துணிக்குக் கடுக்காயோடு பாலும் வேண்டும். பால் கொழுப்பு இல்லாவிட்டால் கோடு நாலாபக்கமும் ஊறிப் பரவும். எருமைப் பால் உத்தமம். பாக்கெட் பாலில் செய்தேன், ஓரளவு நின்றது. பாலில் நனைத்த துணியை மே மாத வெயிலில் காயவைத்தால் என்ன வாடை வரும் என்பதை எழுதி விளக்க வேண்டியதில்லை. எதிர் வீட்டு மாமி ஜன்னலைச் சாத்திவிட்டார்.

ஒரு ராத்திரி படுத்திருக்கும்போதுதான் உறைத்தது. நீலத்தில் இருப்பதும் இரும்பு. கடுக்காய் கேட்பதும் இரும்பு. இரண்டையும் சேர்த்தால்? மறுநாள் காலை, அழகாக வந்திருந்த வேப்பிலைப் படத்தை (மனசு கேட்கவில்லை, ஆனால் மோசமான படத்தில் செய்தால் ஒன்றும் புரியாது) சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் விட்டேன். லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி. ஒரு நிமிடத்துக்குள் நீலம் முழுக்கப் போய், மங்கிய மஞ்சளில் இலையின் ஆவி மட்டும் மிச்சம். நன்றாக அலசிவிட்டுக் கடுக்காய் நீரில் போட்டேன். மெதுவாக, ரொம்ப மெதுவாக, அந்த மஞ்சள் கத்தரிக்காய்த் தோல் நிறத்துக்குத் திரும்பியது. முக்கால் மணி நேரத்தில் கறுப்புக்கு வெகு அருகில். வெள்ளைப் பகுதியில் கடுக்காயின் பழுப்பு லேசாக ஏறி, பழைய ஓலைச்சுவடி மாதிரி ஆகிவிட்டது. இப்படித் துவர்ப்பில் நிறம் மாற்றுவதும் புதிதல்ல, டீத்தூள் டிகாக்ஷனில் பலர் செய்திருக்கிறார்கள். ஆனாலும் என் பானையும் என் பாட்டிலும் சந்தித்துக்கொண்டது எனக்குப் போதுமான சந்தோஷம்.

கோலம் வந்தது கடைசியில், அதுவும் தற்செயலாக. காலையில் அம்மா வாசலில் போட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே காபி குடித்தேன். மாவு விழுந்த இடத்தில் தரை மறைகிறது. மறைந்தால் வெயில் படாது. அப்படியானால் தாளிலேயே போடச் சொன்னால்?

முதலில் கடையில் வாங்கிய கோலப்பொடியில், சின்னத் தாளில் நானே ஒரு நட்சத்திரம் போட்டுப் பார்த்தேன். கோடு வந்தது, ஆனால் சுற்றிலும் மஞ்சள் பழுப்புப் புள்ளிகள். பொடியில் சுண்ணாம்பு கலப்பு இருந்திருக்க வேண்டும். அம்மாவிடம் சொன்னேன். "அரிசி மாவுல போடறதுதாண்டி கோலம்" என்று பச்சரிசி மாவை எடுத்து வந்தாள்.

56க்கு 76 சென்டிமீட்டர் முழுத் தாள். ராத்திரி பூசிக் கட்டிலுக்கு அடியில் உலர்த்தினேன். ஒரு தாளுக்கு 35 மில்லி போல ஆனது. காலை எட்டரை மணி, மாடியில் பலகை, நான்கு மூலைக்கும் கல். அந்த நேரத்து வெயிலுக்குப் பதினைந்து நிமிடமாவது வேண்டும். நிழல் தாளில் விழாமல் சூரியனைப் பார்த்து நின்று போடச் சொன்னேன். "கிழக்கே பார்த்துப் போடறது நல்லதுதானே" என்றாள். 1, 3, 5, 3, 1 என்று பதிமூன்று புள்ளி. அதைச் சுற்றி ஒரே இழையில் ஓடித் திரும்புகிற சிக்குக் கோலம். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாவைத் தேய்த்து விடுகிற வேகத்துக்கும் கை நகர்கிற வேகத்துக்கும் அப்படி ஒரு கணக்கு. வளைவில் கை மெதுவாகும், விரலும் தானாக இறுகும், கோட்டின் கனம் மாறாது. இருபது வருடமாக வரைகிறேன், அந்தச் சீர் எனக்கு வராது. பாதியில் கீழே பெல் அடித்தது. சிலிண்டர் வந்திருந்தது. அம்மா மாவுக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போய், காசு கொடுத்து, ரசீது வாங்கி, மேலே வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

மாவை உதறாமல் தண்ணீரில் போட்டால் பசையாகிவிடும். தாளைச் சாய்த்துத் தட்டி, உலர்ந்த தூரிகையால் துடைத்து, பிறகு கழுவினேன். பையன் மூடி ஊற்றினான்.

நான் எதிர்பார்த்தது நீலத்தில் வெள்ளைக் கோலம். வந்தது அது இல்லை. முதலில் வைத்த பதிமூன்று புள்ளியும் பால் வெள்ளை. இழை தொடங்கிய இடமும் கிட்டத்தட்ட வெள்ளை. அங்கிருந்து போகப் போக வெளிர்நீலம் ஏறி, முடிகிற இடத்தில் பின்னணியை எட்டிப்பிடிக்கிற நீலம். அம்மா போட்டுக்கொண்டிருந்த நேரமெல்லாம் தாள் வெயில் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. பிந்தி மாவு விழுந்த இடம் அதற்குள் அவ்வளவு நீலத்தை வாங்கிவிட்டது. இவ்வளவு நாள் அச்செடுத்தும் எனக்கு இது முன்கூட்டியே தோன்றவில்லை.

பையன் தட்டின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வெள்ளையிலிருந்து விரலைக் காற்றிலேயே ஓட்டிக்கொண்டு போனான். இடது பக்க வளைவில் விரல் நின்றது. அங்கே நிறம் படிப்படியாக மாறாமல் சட்டென்று ஒரு படி இறங்கியிருந்தது. "பாட்டி, இங்கதான் சிலிண்டர்" என்றான்.

அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. வெள்ளை இழையும் நீல இழையும் முட்டிக்கொள்ளும் முனையைக் காட்டினாள். "கோலத்துல எங்க ஆரம்பிச்சோம்னு தெரியக் கூடாதுடி. இது பாரு, துணி கிழிஞ்சு தச்ச மாதிரி இருக்கு. நாளைக்கு நிழல்ல போட்டுத் தரேன், அப்புறம் வெயிலுக்கு எடுத்துட்டுப் போ."

மறுநாள் ஹாலில் ஜன்னலை மூடி, குண்டு பல்பு வெளிச்சத்தில் போட்டாள். பலகையை நானும் அப்பாவும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி மாடிப்படி ஏறினோம். மூன்றாவது படியில் அப்பா செருப்பு வழுக்கி, கோலம் ஒரு பக்கமாகச் சரிந்தது. அதற்கு மறுநாள் மாடிப்படி முடிகிற சின்ன அறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு போட்டாள். கதவைத் திறந்து இரண்டடி நகர்த்தினால் வெயில். காற்று வருமுன், எறும்பு வருமுன், பதினைந்து நிமிடம். எல்லா இழையும் ஒரே வெள்ளை. ஆரம்பமும் இல்லை, முடிவும் இல்லை. அம்மா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது கோலம்" என்றாள்.

கத்திரி 28ஆம் தேதியோடு முடிந்தது. சிட்ரேட் பாட்டிலில் பூஞ்சை கட்டிவிட்டது, அந்தச் சூட்டில் அது ஒரு மாதம் தாங்கியதே பெரிது. பையன் தோசைப் புத்தகத்தையும் முருங்கைப் படத்தையும் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனான். அம்மாவின் கோலம் ஃபிரேம் போட்டு சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறது. சிலிண்டர் வந்த கோலத்தை நான் மேசைக்கு எதிரே ஒட்டிவைத்திருக்கிறேன், நான்கு மூலையிலும் டேப் போட்டு.